வெண்மதி என்ற பெயரைத் தோக்கி போனாவில் எழுதிய அனுபவம்

செயற்கை மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குபவர் முதல் பாடத்திலேயே எதிர்கொள்ளும் கேள்வி, தம் பெயரை அந்த மொழியில் எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது என்பதே. இயற்கை மொழிகளில் பெயர்கள் விருந்தாளிகளாக வந்து, விதிவிலக்குகளாகத் தங்கிவிடுகின்றன. செயற்கை மொழிகளிலோ பெயருக்கென்று விதி எழுதப்பட்டிருக்கிறது. சில மொழிகளில் அந்த விதி தளர்வானது, சிலவற்றில் மிகக் கடுமையானது. வெண்மதி என்னும் என் பெயரை அத்தகைய மொழிகளுள் மிகக் கடுமையானதாக நான் கருதும் தோக்கி போனாவில் அமைத்துக்கொண்டதைப் பற்றிய பதிவு இது.

முதலில் மற்ற இரண்டு மொழிகளில் அதே பெயருக்கு என்ன நேரும் என்று பார்த்துக்கொண்டேன். 1887இல் வெளியான எஸ்பெராந்தோவின் 28 எழுத்துகளில் ணகரத்துக்குத் தனி இடம் இல்லையே தவிர, வென்மதி என்று எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை. பெயர்ச்சொற்கள் ஓகாரத்தில் முடிய வேண்டும் என்ற அந்த மொழியின் பொது இலக்கணத்தைப் பெயருக்கும் பொருத்தி ஈற்றில் ஓகாரம் சேர்த்தால், இறுதிக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும் என்ற விதியின்படி அழுத்தம் ‘தி’க்குப் போய்விடுகிறது, அது என் காதுக்கு வேறு யாரையோ அழைப்பதைப் போல இருந்தது. லோஜ்பானில் சிறப்புப் பெயர் மெய்யெழுத்தில்தான் முடிய வேண்டும், அதன் இருபுறமும் சிறு நிறுத்தம் வர வேண்டும் என்பதால், இறுதியில் ஒரு சகர மெய்யைச் சேர்த்து வென்மதிஸ் என்று ஆக்கினால் போதும். இரண்டிலும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தோக்கி போனாவில் அப்படி முடியவில்லை. எழுதுவதற்கு விஷயம் இருப்பதும் அங்கேதான்.

சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட இந்த மொழியில் 14 ஒலிகளே உண்டு. அ, எ, இ, ஒ, உ ஆகிய ஐந்து உயிர்களும், க், ச், த், ப், ம், ன், ல், ய், வ் ஆகிய ஒன்பது மெய்களும் அவை. இலத்தீன் எழுத்தில் எழுதும்போது ஆங்கிலத்தின் ‘ஜே’ எழுத்து யகரத்தைக் குறிக்கும் என்பது ஒன்றே பழகிக்கொள்ள வேண்டியது. குறில் நெடில் வேறுபாடு இல்லை. வல்லினங்களை அழுத்திச் சொன்னாலும் மெலிதாகச் சொன்னாலும் பொருள் மாறாது. ககரத்தை ஒருவர் ஒலிப்புடன் உச்சரித்தாலும் அது ககரமாகவே கொள்ளப்படும். ஒரே ககரத்தை இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பிற மொழிக்காரர்கள் தம் பெயரின் ஒலிப்புள்ள எழுத்துகள் பறிபோவதை எண்ணி வருந்தும் இடத்தில், தமிழர் ஏற்கெனவே ஒரு படி முன்னே நிற்கிறார்.

ஒலிகளை விட அசை விதியே கடினமானது. ஓர் அசையில் ஒரு மெய், ஓர் உயிர், விருப்பமிருந்தால் இறுதியில் ஒரு ன் ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். சொல்லின் முதல் அசையில் மட்டும் தொடக்க மெய் இல்லாமல் இருக்கலாம். எனவே அசையின் இறுதியில் ல், ள், ர், ம் போன்றவை நிற்க முடியாது, இரட்டை மெய்களுக்கும் இடமில்லை, இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரவும் முடியாது. உயிர்கள் சந்திக்கும் இடத்தில் யகரத்தையோ வகரத்தையோ இட்டு நிரப்புவது அங்குள்ள வழக்கம்; நம் உடம்படுமெய் செய்யும் அதே வேலைதான். இத்தாலி நாட்டின் பெயர் அங்கே இதலிய என்று யகரத்துடன் எழுதப்படுகிறது. இவற்றோடு நான்கு அசைகள் முற்றாக விலக்கப்பட்டுள்ளன: யி, வு, வொ, தி. முதல் மூன்றும் வெறும் இ, உ, ஒ ஆகியவற்றிலிருந்து காதால் பிரித்தறியக் கடினமானவை. தமிழ் மரபிலக்கணமும் வகரத்தோடு உ, ஊ, ஒ, ஓ சேர்ந்து சொல்லுக்கு முதலில் வருவதை ஏற்பதில்லை என்பதைக் கவனித்தபோது, இந்த விதிகள் விருப்பம்போல வகுக்கப்பட்டவை அல்ல என்ற நம்பிக்கை எனக்கு ஏற்பட்டது. கூட்டிக் கழித்தால் அந்த மொழியில் மொத்தம் 92 அசைகளே சாத்தியம். கடைசியாக ஒரு தடை: அசையிறுதி ன்-ஐ அடுத்து அதே சொல்லுக்குள் மகரமோ னகரமோ வரக்கூடாது.

என் பெயர் இந்தக் கடைசித் தடையிலும் ‘தி’ என்ற தடையிலும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்டது. வெண் என்பதை வென் என்று மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் வென் என்பதை அடுத்து மகரம் நிற்கிறது. அதைத் தாண்டினால் இறுதியில் ‘தி’ நிற்கிறது. இளங்கோ என்று பெயர் இருந்திருந்தால் இலன்கோ என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அசையிறுதியில் மெல்லினம் எதுவாக இருந்தாலும் அது ன் ஆகிவிடும் என்பதும், அடுத்து ககரம் வருவதற்குத் தடை இல்லை என்பதும் அந்தப் பெயருக்குச் சாதகமாக அமைகின்றன.

தொடர்ந்து நான் செய்தது, சாத்தியமான வடிவங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி உரக்கச் சொல்லிப் பார்த்ததுதான். ‘தி’யை இப்போதைக்கு அங்குள்ள வழக்கப்படி ‘சி’ ஆக்கிக்கொண்டேன். ன், ம் இரண்டுக்கும் நடுவே முன் அசையின் உயிரையே மீண்டும் நுழைத்தால் வெனெமசி என்று ஆகிறது. எல்லா மெய்களும் காப்பாற்றப்படுகின்றன, ஆனால் மூன்று அசைப் பெயர் நான்கு அசையாகி இழுபடுகிறது. மகரத்தை அதற்கு நெருக்கமான பகரமாக்கினால் ன்-ஐ அடுத்து அது வரலாம் என்பதால் வென்பசி கிடைக்கிறது. விதிப்படி அதில் குறையில்லை. தமிழ் அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் வரை அந்தப் பெயரோடு வாழ முடியாது என்பதே குறை. மகரத்தை விட்டுவிட்டு னகரத்தைக் காத்தால் வெனசி, னகரத்தை விட்டுவிட்டு மகரத்தைக் காத்தால் வெமசி. முதல் பகுதியையே விட்டுவிட்டு மசி என்று சுருக்கிக்கொள்ளலாம்; ஆனால் அது மையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகிவிடுகிறது என்பதோடு, வெண்மை முழுவதும் கரைந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஒலியைக் காப்பது என்பதற்கு அந்த மொழியில் ஏற்கெனவே புழங்கும் நாட்டுப் பெயர்களும் மொழிப் பெயர்களும் நல்ல வழிகாட்டிகள். எஸ்பெராந்தோ அங்கே எபெலன்தோ ஆகிறது. சகரமும் பகரமும் மோதிய இடத்தில் பகரம் தங்க, சகரம் விழுந்துவிட்டது. ரகரம் இல்லாத மொழி என்பதால் ரகரங்கள் என்ன ஆகின்றன என்பதையும் அவற்றில் பார்க்கலாம். ருஷ்யாவின் பெயர் லொசி என்றும், பிரான்சின் பெயர் கன்சே என்றும், அமெரிக்காவின் பெயர் மெவிக என்றும் வருவதற்குக் காரணம், அந்தந்த மொழியினர் ரகரத்தை நாக்கின் நுனியிலோ தொண்டையிலோ இதழ் குவித்தோ ஒலிக்கும் விதம்தான். எழுத்தைப் பார்க்காமல், அந்தப் பெயருக்கு உரியவர் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு மாற்றுவதே அங்குள்ள முறை என்பது இதிலிருந்து தெளிவாகும். அந்த முறைப்படி என் பெயரை இயல்பாகச் சொல்லிக் கேட்டபோது, ணகரத்தை நான் முழுமையாக ஒலிப்பதில்லை என்பதும், மகரத்தில்தான் வாய் நன்றாக மூடித் திறக்கிறது என்பதும் தெரிந்தன. எனவே வெமசி என்ற வடிவத்தின் பக்கம் சாய்ந்தேன்.

‘தி’யைப் பொறுத்தவரை சிறிது தயக்கம் இருந்தது. அதைச் ‘சி’யாக மாற்றுவதே அங்கு வழக்கம். இகரத்தின் பக்கத்தில் நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழுவதால் தகரம் சகரத்தின் பக்கம் சரிவது பல மொழிகளில் காணப்படும் போக்கு. படித்தான் என்பதைப் படிச்சான் என்று பேச்சுத் தமிழ் ஆக்கிக்கொள்வதும் இகரத்தின் வேலைதான். மெய்யைக் காத்து உயிரை மாற்றி வெமதே என்று வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆனால் பெயரின் இறுதி உயிரே அழைப்பின்போது நீண்டு ஒலிக்கும் பகுதி. தூரத்திலிருந்து கூப்பிடும்போது இகரமே முதலில் காதில் விழுகிறது. மெய் மாறியதை விட உயிர் மாறியதுதான் என்னை அதிகம் உறுத்தியது என்பதால் வெமசி என்றே முடிவு செய்தேன். இதை விதியாக யாருக்கும் சொல்ல மாட்டேன். வேறொரு பெயருக்கு வேறு முடிவு பொருந்தும்.

வடிவத்தை முடிவு செய்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. 120 சொற்களே கொண்டதாக 2014இல் வெளியான நூலில் விவரிக்கப்பட்ட மொழி இது. அத்தனை குறைந்த சொற்களும் மிக எளிய அசைகளால் ஆனவை என்பதால், பெயர்கள் அவற்றோடு மோதும் வாய்ப்பு அதிகம். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி நேர்கிறது. மணி என்ற பெயர் மனி ஆகும்போது அங்கே அது பணத்தைக் குறிக்கும் சொல். கலா என்ற பெயர் அங்கே மீன். செல்வி என்ற பெயரில் லகர மெய் நிற்க முடியாமல் விழுந்தபின் எஞ்சும் செவி என்பது, அங்கே உயரத்தையும் வானத்தையும் தெய்வத்தன்மையையும் குறிக்கும். எழுத்தில் சிறப்புப் பெயரின் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தில் இடுவதால் வேறுபாடு தெரியும்; பேச்சில் தெரியாது. அப்படி மோதுவது குற்றமில்லை, செல்விக்கு அது பேறாகவும் அமையலாம். ஆனால் மணி என்பவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, கேட்பவர் அவரைப் பணக்காரர் என்று புரிந்துகொள்ள இடமுண்டு. வெமசி என்பது வேறு சொல்லாக இல்லை என்பதைச் சொற்பட்டியலில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அந்த மொழியில் பெயர் தனியாக நிற்பதில்லை. அது ஓர் அடைமொழியைப் போல ஒரு தலைச்சொல்லை அடுத்து வருகிறது. மனிதருக்கு யன் என்பதும், நிலத்துக்கும் நாட்டுக்கும் ம என்பதும், மொழிக்குத் தோக்கி என்பதும் தலைச்சொற்கள். (யான் என்று நெடிலாக எழுதினால் தமிழில் தன்மைப் பெயராகிவிடும் என்பதால் இங்கு யன் என்றே எழுதுகிறேன்.) யன் என்பதற்குப் பதிலாகப் பறவையையோ விலங்கையோ குறிக்கும் சொல்லைத் தலைச்சொல்லாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நிலவைக் குறிக்கும் முன் என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பெயரிலேயே இருக்கும் நிலவை மறுபடியும் வாசலில் நிறுத்துவது மிகை என்று தோன்றியதால் யன் வெமசி என்றே வைத்துக்கொண்டேன். பின்பு சில வாக்கியங்களில் இட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான் வெமசி என்பதற்கு ‘மி யன் வெமசி’ என்றும், வெமசியைப் பார்க்கிறேன் என்பதற்கு ‘மி லுகின் எ யன் வெமசி’ என்றும் வரும். விளிக்கும்போது பெயருக்குப் பின் ஒ என்ற சொல் வரும். அப்போது வெமசி ஒ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் நாக்கு அங்கே தன்னையறியாமல் ஒரு யகரத்தை நுழைத்து வெமசியோ என்று ஆக்கிவிடுகிறது. கேட்பவருக்குக் குழப்பம் எதுவும் வராது என்றாலும், இரண்டு சொற்களுக்கும் நடுவே மூச்சளவு இடைவெளி விட்டுப் பழகுவது நல்லது. அழுத்தம் எப்போதும் முதல் அசைக்கு என்பதால், எஸ்பெராந்தோவில் ஏற்பட்ட சங்கடம் இங்கு எழவில்லை.

தமிழ் எழுத்தில் இந்தப் பெயரை எழுதுவது பற்றியும் சில வரிகள் தேவை. குறில் நெடில் வேறுபாடு இல்லாத மொழி என்பதால் எல்லாவற்றையும் குறிலாக எழுதிவிடலாம் என்று தொடங்கினால், எகரமும் ஒகரமும் சொல்லின் இறுதியில் குறிலாக வருவது தமிழுக்கு இயல்பன்று என்பது குறுக்கிடுகிறது. எனவே சொல்லிறுதியில் அவற்றை ஏகார ஓகாரங்களாகவும், மற்ற இடங்களில் பெரும்பாலும் குறிலாகவும் எழுதுகிறேன். தனித்து நிற்கும் எ, ஒ ஆகிய சொற்கள் மட்டும் குறிலாகவே இருக்கட்டும். மொழியின் பெயரில் ககரத்தை இரட்டிப்பது, தனிக் ககரத்தை நாம் மெலித்துப் படித்துவிடுவோம் என்பதற்காகவே. பெயரின் சகரத்தை மட்டும் இரட்டிக்கவில்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவில் அது தானாகவே வேண்டிய ஒலியைத் தந்துவிடுகிறது.

இதுவரை செய்தது ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்த வேலை. வெண்மை என்ற பொருளோ மதி என்ற பொருளோ வெமசியில் எவருக்கும் தெரியாது. அவற்றை மீட்டுக்கொள்ள அந்த மொழியின் உருவெழுத்து முறையான சிதெலென் போனா இடம் தருகிறது என்பதே இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உரு உண்டு. பெயருக்கு உரு இல்லை என்பதால், பெயரின் ஒவ்வொரு ஒலிக்கும் அந்த ஒலியில் தொடங்கும் ஏதேனும் ஒரு சொல்லின் உருவைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் முனை மழுங்கிய ஒரு நீள்கட்டத்துக்குள் வரிசையாக அடைக்கிறார்கள். பண்டை எகிப்தில் அரசர் பெயரைச் சுற்றி இடப்பட்ட கார்டூஷ் என்னும் வளையத்தின் பெயராலேயே இந்தக் கட்டமும் அழைக்கப்படுகிறது. கட்டத்துக்குள் உருக்களின் முதல் ஒலி மட்டுமே படிக்கப்படும். ஆனால் கண்ணுக்கு உருவின் பொருளும் தெரிந்துகொண்டே இருக்கும். எந்தச் சொல்லைத் தேர்வது என்பது பெயருக்கு உரியவரின் உரிமை.

வெமசிக்கு வ், எ, ம், அ, ச், இ என்று ஆறு உருக்கள் வேண்டும். வகரத்துக்கு ஆறு சொற்கள் உள்ளன. அவற்றுள் வலோ என்பதே வெண்மை. மகரத்துக்குப் பத்துக்கு மேல் உள்ளன. அவற்றுள் முன் என்பதே நிலவு, அதன் உருவும் பிறைதான். பெயரின் இரண்டு பகுதிகளும் தத்தம் முதலெழுத்துக்குரிய இடத்திலேயே பொருளோடு வந்து அமர்ந்துவிட்டன. தமிழ் வகரமும் மகரமும் அங்குள்ள சொற்களின் வகரமும் மகரமும் ஒத்துப்போனது முழுக்கத் தற்செயல். எல்லாப் பெயருக்கும் இது வாய்க்காது. எகரத்துக்கு மூன்றே சொற்கள் இருந்தன: செயப்படுபொருளைக் காட்டும் எ, ‘உம்’ என்ற பொருளுடைய என், வணிகத்தைக் குறிக்கும் எசுன். கூட்டல் குறியைப் போன்ற உருவமுடைய என் என்பதை எடுத்துக்கொண்டேன். அகரத்துக்குத் தங்குதல் என்ற பொருளுடைய அவென், சகரத்துக்கு மேற்சொன்ன செவி, இகரத்துக்கு உள்ளே என்ற பொருளுடைய இன்சா. வரிசையாகப் பார்த்தால் வெண்மை, உம், நிலவு, தங்குதல், வானம், உள்ளே என்று வருகிறது. இலக்கணப்படி இது வாக்கியம் ஆகாது, ஆக வேண்டிய தேவையும் இல்லை.

தேர்வுக்கு இடம் குறைவான எழுத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லலாம். இகரத்துக்கு அந்த நூலில் இயோ, இகே, இலோ, இன்சா ஆகிய நான்கு சொற்களே உள்ளன. இகே என்பது தீமை. உகரத்தின் நிலை இன்னும் மோசம்: அங்குள்ள மூன்று சொற்களில் ஒன்று உடலுறவையும் மற்றொன்று போரையும் குறிக்கின்றன, எஞ்சுவது வாயைக் குறிக்கும் உத மட்டுமே. உமாக்களும் உதயன்களும் அதையே எடுத்துக்கொள்ள நேரிடும்.

ஓர் உருவுக்கு ஓர் ஒலி என்பதற்குப் பதிலாக, உருவை அடுத்துப் புள்ளி வைத்து, அந்தச் சொல்லின் முதல் அசையையே படிக்கச் செய்யும் பிற்கால வழக்கமும் இருக்கிறது. அதைப் பின்பற்றினால் வெ, ம, சி என்று மூன்று உருக்கள் போதும். கட்டம் பாதியாகக் குறையும். ‘சி’க்கு வட்டத்தைக் குறிக்கும் சிகே என்ற சொல் அழகாகப் பொருந்தியது, முழுமதியாகவும் கொள்ளலாம். ஆனால் ‘வெ’க்குக் கிடைக்கும் வெக என்பது இல்லாமையையும் விலகலையும் குறிப்பது. ‘ம’ என்ற அசையில் பிறைக்கும் இடமில்லாமல் போகிறது. கட்டம் நீண்டாலும் பரவாயில்லை என்று ஆறு உருக்களையே வைத்துக்கொண்டேன். ஜொனதன் கேபல் வடிவமைத்த சிதெலென் சிதெலென் என்ற அலங்கார எழுத்தில் பெயர்கள் அசை அசையாகவே எழுதப்படுகின்றன. அதை வரையும் பொறுமை எனக்கில்லை.

கையால் எழுதும்போது கட்டத்தை முதலில் வரைந்துவிட்டு உள்ளே உருக்களை நிரப்ப முயன்றால் கடைசி உரு நசுங்கிவிடும். உருக்களை முதலில் ஒரே உயரத்தில், இடமிருந்து வலமாக எழுதி முடித்துவிட்டு, பிறகு கட்டத்தை ஒரே இழுப்பில் சுற்றி வரைவதே சரியாக வருகிறது. இன்சாவின் உரு, மேற்புறம் திறந்த கிண்ணமும் உள்ளே ஒரு புள்ளியும் என்பதால், கட்டத்தின் வலது வளைவை ஒட்டிவிடாமல் சிறிது இடம் விட வேண்டும். கணினியில், இந்த உருக்களைக் கொண்ட எழுத்துருவை நிறுவி, சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் தட்டச்சு செய்தால், சில எழுத்துருக்கள் தாமே கட்டத்தை வரைந்துவிடுகின்றன. ஒருங்குறியின் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்த உருக்கள் இல்லாததால், எழுத்துரு இல்லாத கருவியில் அவை இலத்தீன் எழுத்துகளாகவோ வெற்றுப் பெட்டிகளாகவோ தெரியும். அதனால் கட்டத்தை ஒரு படமாகவும் சேமித்து வைத்திருக்கிறேன்.

தந்தை பெயரான இளங்கோவையும் சேர்க்க விரும்பியபோது, யன் வெமசி இலன்கோ என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதற்குத் தடை இருக்கவில்லை. அதற்கும் ஆறு உருக்களில் ஒரு கட்டம் அமைத்தேன். இகரத்துக்குக் கருவியைக் குறிக்கும் இலோவை எடுத்தேன். ஆனால் இரண்டு கட்டங்களும் அருகருகே நின்றபோது ஒரு வரியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டன. எனவே இரண்டாம் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உருவெழுத்தில் வெமசியின் கட்டத்தை மட்டும் பயன்படுத்தி வருகிறேன்.